எடத்துப் பெடல்

உக்காருங்க சார். அந்த பெஞ்சுல வேண்டாம், இந்த ஸ்டூல்ல உக்காருங்க. பெஞ்சுக்கு ஒண்ணும் இல்லை, கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அது ஒருத்தன் உக்காருத எடம், அதான்.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா, சரி. போனை அங்கனயே வைங்க, ரெக்கார்டு ஆவட்டும். என்ன கேட்டீங்க? உள்ளூர் சைக்கிள் கடையை நாம ஏன் ஆதரிக்கணும். இதைத்தானே சங்கத்து மலர்ல போடணும்னு உங்களை அனுப்பியிருக்காங்க? சாயந்திரம் அஞ்சு மணிக்கு வணிகர் சங்கத்துல எனக்குப் பொன்னாடை. வரும்போதே பிளெக்ஸ் பாத்திருப்பீங்க. முப்பத்தெட்டு வருசமா இந்த வீரவநல்லூர்ல கடை வச்சிருக்கேன், ஒரு பய எனக்கு ஒரு துண்டு போத்துனது கிடையாது. இப்பம் என் மூஞ்சியை ஆறடிக்கு அடிச்சுக் கட்டியிருக்கான். பொன்னுலிங்கம் சைக்கிள் மார்ட், நமது கடை, நமது பெருமை. அதைத் தாண்டிப் போவும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிடுதேன் சார்.

சொல்லுதேன், சொல்லுதேன். நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாம விட மாட்டேன்.

சைக்கிள் கடைன்னா என்ன? டியூப் விக்கிறதா? பஞ்சர் ஒட்டுததா? அது எங்கயும் நடக்கும். கடைக்காரனுக்குக் காது வேணும் சார். இந்த ரோட்டுல போற சைக்கிள் ஒவ்வொண்ணும் எனக்குச் சத்தத்துலயே தெரியும். இங்கன குனிஞ்சு வீலுக்குக் கோட்டம் எடுத்துக்கிட்டு இருப்பேன், தலையைத் தூக்க மாட்டேன். "ஏம்மா கனகா, பின் பிரேக்குக் கட்டை தேஞ்சு போச்சு, நில்லு தாயி"ம்பேன். பால்காரர் மரியதாஸ் போவாரு, "யோவ், மாட்டுக்குத் தண்ணி காட்டுதீரு, செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்டக் கூடாதா, எறங்கும்"பேன். நின்னுதான் ஆவணும். நிக்காட்டா ஸ்பேனரோட ரோட்டுல எறங்கி மறிச்சிருவேன். இதுக்கெல்லாம் யாருகிட்டயும் காசுக்குக் கை நீட்டினது கிடையாது. பழுதுள்ள சைக்கிள் என் கடை வாசலைத் தாண்டிப் போவக் கூடாது. அவ்வளவுதான். அது டவுன்ல இருக்க பெரிய கடைக்காரனுக்கு உண்டா? பெட்டியில அடைச்சு அனுப்புதானே, அவனுக்கு உண்டா? அதுக்குத்தான் உள்ளூர்க் கடை. எழுதிக்கிடுங்க. எழுதிட்டீங்களா? கொஞ்சம் எடம் விட்டு எழுதுங்க. அடிக்கணும்னாலும் அடிக்கலாம்.

பெஞ்சைப் பத்திச் சொன்னேம்லா, அது தாமோதரன் எடம். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். நானும் அவனும் ஒண்ணாம் வகுப்புலேருந்து ஒண்ணு. ரிட்டையர் ஆன மறுநாள் காலையில பத்து மணிக்கு வந்து உக்காந்தான், எட்டு வருசமா அதே எடந்தான். பேப்பரைப் பிரிச்சு சத்தமா வாசிப்பான். ஸ்டாப்பு பேரு சொல்லுத மாதிரியே வாசிப்பான், ரோட்டுல போறவன்லாம் திரும்பிப் பாப்பான். என் பொஞ்சாதி ஆவுடை எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டாந்ததே கிடையாது, எப்பவும் ரெண்டுதான். அவன் சைக்கிள் ஒரு கருப்பு வண்டி. இருவத்தாறு வருசம் என் கையிலயே கெடந்தது. ஃபிரேமைத் தவிர மத்ததெல்லாம் நான் மாத்துனது.

இந்த ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்தப்பம் வந்துச்சு பாருங்க சனியன். தெருத் தெருவா சைக்கிள் பெட்டி. போன்ல அமுக்குதான், பெட்டி வருது. வந்த பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரே என் கடைக்கு வாரான். "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் மாட்டிக் குடுங்க." புதுச் சைக்கிள் ஒண்ணு என்கிட்ட வாங்கலை, பூராவும் மாட்டுததுக்கு மட்டும் நான். சரின்னு மாட்டுனேன். மறுவாரம் வந்து, "நீங்க மாட்டுனதுலதான் கியர் விழலை"ங்கான். ஒருத்தன், வயசு என் மவன் வயசுகூட இருக்காது, "பத்து நிமிச வேலைக்கு எதுக்குவே இவ்வளவு பந்தா"ன்னு கேட்டான் சார். என்னையப் பாத்து.

அன்னைக்கே பலகை எழுதுனேன். அந்தா, உள்ள செவத்துல திருப்பி வச்சிருக்கேம்லா, அதுதான். சிவப்புப் பெயிண்டுல எழுதுனேன். வெளியில் வாங்கிய சைக்கிளை இங்கே தொட மாட்டோம். தாமு இதே பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். "பொன்னு, இது பத்தாது. யாராக இருந்தாலும்னு முன்னால ஒரு வார்த்தை போடு. இல்லேன்னா நாளைக்கே உன் மச்சான் பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பான். டிக்கெட் எடுக்கலேன்னா என் மாமனாரையே நான் கல்லிடைக்குறிச்சியில எறக்கி விட்டிருக்கேன், விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்"னான். அவன் சொன்னதுதான் சார். யாராக இருந்தாலும். அவன் வாயால வந்ததுதான். அதை நீங்க கண்டிப்பா எழுதணும்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வேன் வந்து கடை முன்னால நின்னுது. உள்ள இருந்தவன் தலையை நீட்டி, "ஐயா, தாமோதரன் வீடு எது"ங்கான். பின்னால பெட்டி. சைக்கிள் படம் போட்ட பெட்டி. என் கடையில நின்னு வழி கேக்கான் சார், எப்படி இருக்கும் எனக்கு? நானே கையைக் காட்டி வழி சொன்னேன்.

பெங்களூர்ல இருக்க அவன் மவன் அனுப்புனது. அப்பாவுக்குப் பொறந்தநாளாம். கியரு வச்ச வண்டி. சாயந்திரம் தாமு பெட்டியைத் தலையில வச்சுத் தூக்கிக்கிட்டு வந்தான். அவன் மூஞ்சியில ஒரு சிரிப்பு. வெக்கச் சிரிப்பு. "பய ஆசையா அனுப்பிட்டான்லே, என்ன செய்ய. பிரிச்சு மாட்டு"ன்னான்.

நான் பலகையைக் காட்டுனேன்.

"விளையாடாதலே"ன்னான்.

"யாருலே விளையாடுதது? வாசி. சத்தமா வாசி. கண்டக்டர்லா நீ"ன்னேன். கடையில நாலு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க. அவங்க முன்னால சொன்னேன். அதைச் சொல்லிருக்க வேண்டாம். அவன் மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. "இருவத்தாறு வருசம் ஓட்டுன வண்டிக்கு ஒரு வார்த்தை சொல்லலை, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை, பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்ட. வாங்கின எடத்துல போயி மாட்டிக்கோ"ன்னுட்டேன். பெட்டியைத் திரும்பத் தலையில வச்சான். அந்தப் பெட்டியைத் தூக்கிவிடக்கூட நான் கை குடுக்கலை. கடைக்கு வந்த வேற ஆளு ஒருத்தர் தூக்கிவிட்டாரு.

கோவம் எனக்கு இருக்கக் கூடாதா? சொல்லுங்க. மனுசன்தானே நானும்.

மறுநாள் பத்து மணிக்கு பெஞ்சு காலி. பத்தரைக்கு ரோட்டுல மணிச்சத்தம். கிணிங், கிணிங். பாத்தா அவன். புதுச் சைக்கிள்ல வாரான். அவனே மாட்டியிருக்கான், போன்ல படம் பாத்து. என் கடை வாசல் வந்ததும் மெதுவாக்குனான். விடாம மணி அடிச்சான். எனக்குக் கொதிச்சுப் போச்சு. வெறுப்பேத்துதான் பாத்தீங்களா? நீ இல்லாட்டி என்னலே, நானே மாட்டிட்டேன், பாத்துக்கோன்னு மணி அடிக்கான். நான் பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டேன்.

அப்பந்தான் அந்தச் சத்தம்.

டக்.

ஒரு மிதிக்கு ஒரு தடவை. எடது கால் கீழ எறங்கும்போது, டக். எனக்குப் பாக்கவே வேண்டாம் சார், பேப்பருக்குப் பின்னால இருந்தே சொல்லிருவேன். பெடலை மாத்தி மாட்டிட்டான். எடத்துப் பெடலுக்குத் திருகு மரை எதிர்ப்பக்கம் இருக்கும், தெரியுமா உங்களுக்கு? மத்த எல்லாத்தையும் எந்தப் பக்கம் முடுக்குவோமோ, அதுக்கு நேர் எதிரா முடுக்கணும். சைக்கிள்ல கை வைக்கிறவனுக்கு முதல் பாடம் அதுதான். தெரியாதவன் வலத்துப் பெடலைக் கொண்டாந்து எடத்துல வச்சு, ஏற மாட்டேங்குதேன்னு ஸ்பேனரைப் போட்டு முரட்டுத்தனமா முறுக்குவான். மரையை அறுத்துக்கிட்டு ஏறும். ஏறி நிக்கும். நாலு நாள் நிக்கும், அஞ்சு நாள் நிக்கும். டக், டக்னு சொல்லிக்கிட்டே நிக்கும். பெறகு ஒரு மேட்டுல எந்திரிச்சு நின்னு மிதிச்சா பெடல் காலோட கழண்டு வந்திரும்.

எனக்கு அது எல்லாம் அந்த ஒரு டக்லயே தெரிஞ்சுது.

இல்லை, இருங்க. அவன் வெறுப்பேத்துனாம்லா. மணி அடிச்சாம்லா. நான் எப்படிக் கூப்பிடுவேன்? அவனா எறங்கி வந்து, "ஏலே, என்னமோ சத்தம் வருது, பாரு"ன்னா பாக்க மாட்டேனா? ஒரு வார்த்தை. அதுக்கு அவனுக்கு வாய் வரலை. நானும் பாத்தேன், எறங்கி வாரானா எறங்கி வாரானான்னு. அடுத்த நாளும் அதே நேரம் வந்தான். மெதுவாக்குனான். கிணிங், கிணிங். டக், டக். சத்தம் முந்தின நாளைவிடக் கூடியிருந்துச்சு. மூணாவது நாளும் வந்தான். அன்னைக்குக் கடை வாசல்ல ஒரு கால் ஊனி நின்னே போயிட்டான் சார். மணியை அடிச்சுக்கிட்டு நிக்கான். நான் பேப்பரை எறக்கலை. தலைகீழாப் பிடிச்சிருக்கேன், அதுகூடத் தெரியலை எனக்கு. வாயைத் தொறந்தா போதும். நில்லுலே, ஒரு வார்த்தை. ரெண்டு நிமிச வேலை. கொழுக்கட்டையா வச்சிருந்தேன் வாயில? வீம்பு சார். வீம்பைத்தான் வச்சிருந்தேன்.

அவன் கெளம்பிப் போனான். நேரே போனா கால்வாய்ப் பாலம். பாலத்துக்கு ஏறுத மேடு.

நான் பேப்பரை மடிக்கலை, அதுக்குள்ள அவன் விழுந்த சத்தம் கேட்டுட்டு.

இடுப்பெலும்பு போச்சு. ஆஸ்பத்திரியில கம்பி வச்சிருக்காங்க. இந்த வயசுல அது கூடுமா கூடாதான்னு கடவுளுக்குத்தான் தெரியும். முதல் நாள் போனேன், வார்டு வாசல் வரைக்கும். உள்ள அவன் சத்தம் கேட்டுச்சு. ஊருக்கே ஸ்டாப்பு பேரு சொன்ன தொண்டை, "யம்மா, யம்மா"ன்னு மொனங்குது. திரும்பி வந்துட்டேன். அதுக்குப் பெறகு நாப்பத்தொரு நாள் ஆச்சு, போவலை. அவனை வீட்டுக்குக் கொண்டாந்த பெறகும் போவலை. ஆவுடைதான் தினம் போயிட்டு வாரா. இப்பமும் ரெண்டு டம்ளர் காப்பி போடுதா, பழக்கத்துல. ஒண்ணைக் கொட்டுதா.

இதுல கேளுங்க கூத்தை. ஊரே எம் பக்கம். "அண்ணாச்சி, நீரு பலகை போட்டது எவ்வளவு சரி. பெட்டிச் சைக்கிள் ஆளைக் கொல்லும்னு அப்பமே சொல்லிட்டீரு." கடையில நிக்க எடம் இல்லை சார். பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டு என்கிட்ட வாங்குதான். தாமு விழுந்ததுல எனக்கு வியாபாரம். ஒவ்வொருத்தனும் வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாவலாம்போல இருக்கும். சங்கத்துல கூட்டம் போட்டு, இந்தப் பொன்னுலிங்கத்தைத்தான் பாராட்டணும்னு முடிவு பண்ணிட்டாங்க. பொன்னாடை போத்தப் போறது யாரு, தெரியுமா? தாமு. அவனாக் கேட்டிருக்கான். "உள்ளூர்ல கடை இருக்க, நானே மாட்டுனது என் புத்தி கெட்ட வேலை. நான்தான் போத்துவேன்"னு சொல்லி அனுப்பியிருக்கான்.

வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். ஒடம்பு சரியில்லைன்னு சொன்னேன். கேட்டாத்தானே.

இவ்வளவும் நான் தாங்கிருவேன் சார். நேத்து மத்தியானம் வரைக்கும் தாங்கிக்கிட்டுத்தான் இருந்தேன். அவன் மணி அடிச்சு வெறுப்பேத்துனான், நான் பேசாம இருந்தேன், கணக்கு சரியாப் போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். நேத்து மத்தியானம் அவன் பொஞ்சாதி வந்தா. லோகநாயகி. எனக்குத் தங்கச்சி மாதிரி. கையில ஒரு சின்னப் பெட்டி. அந்தா கல்லாப்பெட்டி மேல இருக்குல்லா, அதுதான். "அண்ணாச்சி, அவிய குடுத்துவிட்டாவ. மவன்கிட்டச் சொல்லி பெங்களூர்லேருந்து வரவழைச்சாவ"ன்னா.

பிரிச்சுப் பாத்தேன். காது மெஷின் சார். செவிடங்க மாட்டுவாங்கல்லா, அது.

"எதுக்கு தாயி"ன்னேன். அவ கிட்ட வந்து, சத்தமாச் சொல்லுதா. செவிட்டு ஆளுகிட்டச் சொல்லுத மாதிரி, கையைக் காட்டிக் காட்டிச் சொல்லுதா. "மூணு நாளா உங்க கடை முன்னாலதான் மணி அடிச்சாவ அண்ணாச்சி. வண்டியில சத்தம் வந்திருக்கு, அவியளுக்கே தெரிஞ்சிருக்கு. எறங்கி வந்து கேக்க வெக்கம். நாலு பேரு முன்னால அப்படி ஆயிட்டுல்லா. மணி அடிச்சா நிமிந்து பாப்பான், சத்தத்தைக் கேட்டா கூப்பிடாம இருக்க மாட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. ராத்திரி சாப்பிடும்போதுகூட, நாளைக்குக் கூப்பிட்டிருவான் பாருன்னாவ. நீங்க கூப்பிடவே இல்லை. ஆஸ்பத்திரியில முழிச்சதும் முதல் வார்த்தை அதுதான். லோகு, பாவம், பொன்னுக்குக் காது போயிட்டுடி. காது கேட்டிருந்தா அவன் சும்மா இருப்பானா? ஒரு கடைக்காரனுக்குக் காது போனா என்ன ஆவான்? ஊர்ல யாருகிட்டயும் சொல்லாத, கடை படுத்துரும்னாவ."

நாப்பத்தொரு நாளா அவன் கம்பி வச்ச இடுப்போட படுத்துக்கிட்டு என் காதுக்குக் கவலைப்பட்டுக்கிட்டு இருந்திருக்கான் சார். நான் கேட்டும் கேக்காம இருந்திருப்பேங்கது அவனுக்குத் தோணவே இல்லை. ஒரு தடவைகூடத் தோணலை. ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும். வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன். காது மெஷின் அனுப்பியிருக்கான்.

"மாட்டிக்கிட்டே மேடைக்கு வாங்க அண்ணாச்சி, சின்னதுதான், ஊருக்குத் தெரியாது, அவிய சந்தோசப்படுவாவ"ன்னுட்டுப் போயிட்டா. ராத்திரி பூரா அந்தப் பெட்டியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ஆவுடைகிட்டச் சொல்லலை. யாருகிட்டயும் சொன்னது இல்லை, உங்ககிட்டத்தான் சொல்லுதேன், அதுவும் நீங்க வெளியூர்ங்கதால. நான் என்ன செய்ய சொல்லுங்க. மாட்டிக்கிட்டா நான் செவிடன். அவ்வளவுதான், வழக்கு முடிஞ்சுது. பொன்னாடையைப் போத்துவான். கையைப் பிடிப்பான். நாளையோ மறுநாளோ பெஞ்சுக்கும் வந்துருவான். மாட்டாட்டா அவன் மூஞ்சியைப் பாத்து நான் சொல்லணும். சத்தம் காதுல விழுந்துச்சுலே, மூணு நாளும் விழுந்துச்சு, நீ எறங்கி வரட்டும்னு இருந்தேன்னு. சொன்னா அவன் என்னை என்னன்னு பாப்பான்? அதுக்குப் பெறகு எனக்கு யாரு இருக்கா இந்த ஊர்ல?

மணி என்ன ஆச்சு? நாலரையா. அப்பம் கெளம்பியிருப்பான்.

மாட்டிக்கிடலாம்னுதான் நெனைக்கேன் சார். அறுவத்தாறு வயசுல இனிமே என்ன. செவிடன்னே இருந்துட்டுப் போறேன். அந்தப் பெட்டியை எடுங்க. எந்தக் காதுல மாட்டணும்னு போட்டிருக்கான்னு பாருங்க. நீங்களும் எழுதிருங்க, பொன்னுலிங்கத்துக்குக் காது...

இருங்க சார். பேசாதீங்க.

உங்களுக்குக் கேக்காது. முக்குல, டீக்கடையைத் தாண்டி வருது. வீல் சேர். லோகு தள்ளிக்கிட்டு வாரா. அவன் ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு வாரான். அதுக்கு அடியில கேளுங்க. கீச், கீச்னு ஒண்ணு. அது எண்ணெய் இல்லாத சத்தம், அது போவட்டும். அதுக்குக் கூடவே ஒரு கடகடப்பு. முன் சக்கரம். சின்னது. எடத்துப் பக்கம். நட்டு பாதிக்கு மேல கழண்டு கெடக்கு. வாடகைக்கு எடுத்த வண்டியா இருக்கும், எவனும் பாத்திருக்க மாட்டான்.

சங்கத்துக்குப் போவணும்னா பாலத்து மேடு ஏறித்தான் எறங்கணும். அந்த எறக்கத்துல இது தாங்காது.

இப்பம் நான் கூப்பிட்டேன்னா அவனுக்குத் தெரிஞ்சு போவும் சார். முக்குல வாற நட்டுச் சத்தம் விழுத காதுக்கு, வாசல்ல நின்னு அடிச்ச சத்தம் விழலையான்னு. கண்டக்டர் மூளை, உடனே கணக்குப் போட்டுருவான்.

டீக்கடை தாண்டிட்டாங்க.

அந்தப் பெட்டியைக் கீழ வைங்க. எண்ணெய்க் கேனை எடுங்க, உங்க காலுக்குப் பக்கத்துலதான் இருக்கு. அந்தச் சின்ன ஸ்பேனர், அதையும். போன் ஓடட்டும், நிறுத்தாதீங்க. தள்ளுங்க சார், வழி விடுங்க.

ஏலே தாமு. நில்லுலே. லோகு, தள்ளாத தாயி. எடத்துச் சக்கரத்துல சத்தம் வருது.